‘லூயி லூயி’: கேளாத சொல்லும் கிளர்ந்த பழியும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வீட்டுப் பிள்ளை தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடுகிறது. மெட்டில் பிழையில்லை, தாளமும் தப்பவில்லை, சொற்கள் மட்டும் கவிஞர் எழுதிய சொற்கள் அல்ல. தமிழ் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளை, காதில் விழுந்த ஓசைக்கு இணங்கத் தன் பள்ளிக்கூட மொழியிலிருந்து ஏதோ ஒரு சொல்லை எடுத்து அங்கே வைத்துக்கொள்கிறது. பெற்றோர் சிரிப்பார்கள், பிறகு திருத்துவார்கள். பெரியவர்களாகிய நாமும் இந்திப் பாட்டையோ வங்காளிப் பாட்டையோ கேட்கும்போது இதையே செய்கிறோம். நம்மைத் திருத்த ஆளில்லை என்பதுதான் வேறுபாடு.

இத்தகைய பாடபேதம் ஒன்றை முன்னிட்டு ஒரு வல்லரசின் புலனாய்வுத் துறை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் விசாரணை நடத்தியது என்றால் நம்புவது கடினம். ஆயினும் அது நடந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1964-இல் தொடங்கிய அந்த விசாரணையின் கோப்பு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பின்னாளில் வெளியிடப்பெற்று, இன்று எவரும் படிக்கக் கிடைக்கிறது. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அக்கோப்பின் பொருள், ‘லூயி லூயி’ என்னும் ஒரு ராக் பாட்டு. அது ஓடும் நேரம் மூன்று நிமிடங்களுக்கும் குறைவு.

பாட்டை எழுதியவர் ரிச்சர்ட் பெரி என்னும் கறுப்பர் இனப் பாடகர். 1935-இல் லூயிசியானா மாநிலத்தில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வளர்ந்தவர். 1950-களின் நடுவில் அந்நகரைச் சூழ்ந்த நடன மண்டபங்களில் கறுப்பர் இசையும் மெக்சிக்கோ, கியூபா நாடுகளின் இசையும் ஒரே மேடையில் மாறி மாறி ஒலித்தன. ‘ரிதம் ராக்கர்ஸ்’ என்னும் குழுவோடு பாடச் சென்றிருந்த பெரி, தம் முறை வருவதற்காக மேடைக்குப் பின்னால் காத்திருந்தார். குழுவினர் கியூபா நாட்டு இசைஞர் ரெனே டுசே அமைத்த ஒரு ‘சா சா சா’ மெட்டை வாசித்தனர். அதன் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு தாளக்கட்டு பெரியின் காதைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தாளக்கட்டுக்குள் ‘லூயி, லூயி’ என்ற விளி தானாக வந்து உட்கார்ந்தது என்றும், கையில் கிடைத்த காகிதத்தில் அங்கேயே எழுதினார் என்றும் வரலாறு. 1957-இல் ‘ஃபாரோஸ்’ என்னும் துணைக்குழுவுடன் ‘ஃபிளிப்’ நிறுவனத்துக்காக அதனை இசைத்தட்டில் பாடினார். முதலில் அது வேறொரு பாட்டின் மறுபக்கமாகவே வெளிவந்தது.

அப்பாட்டின் பொருள் என்ன? வழக்கு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்ததால், இதனைச் சற்று நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். லூயி என்பவன் ஒரு மதுக்கடைப் பரிமாறுபவன். அவனிடம் ஜமைக்கா தீவைச் சேர்ந்த மாலுமி ஒருவன் தன் நெஞ்சைத் திறக்கிறான். கடலுக்கு அப்பால் ஓர் இளமங்கை தனக்காகக் காத்திருக்கிறாள். தான் விரைந்து புறப்பட வேண்டும். மூன்று பகலும் மூன்று இரவும் கடற்பயணம். கப்பலில் இருக்கும்போதே அவள் கூந்தலில் சூடிய ரோஜாவின் மணம் தனக்கு வருவதுபோல் இருக்கிறது. ஜமைக்காவின் நிலவு கண்ணில் பட்டதும் அவளைச் சேர்ந்துவிடலாம். அதற்குப் பின் ஒருநாளும் பிரியேன். இவ்வளவுதான். மாலுமியின் பேச்சு மேற்கிந்தியத் தீவு ஆங்கிலத்தின் சாயலில், வேற்றுமை உருபுகள் இடம்மாறிய நடையில் எழுதப்பட்டிருக்கிறது. லூயி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

சங்கப் பாட்டைப் படித்தவருக்கு இந்த அமைப்புப் புதிதாகத் தோன்றாது. வினை முடித்து மீளும் தலைவன் தேர்ப்பாகனை விளித்துத் தன் ஆற்றாமையைச் சொல்வான். பாகன் வாய் திறக்கமாட்டான். பாகனுக்குப் பதில் பரிமாறுபவன், தேருக்குப் பதில் கப்பல் என்று வைத்துக்கொண்டால் ‘லூயி லூயி’ ஒரு முல்லைப் பாட்டு. இவ்வொப்புமை என் சொந்தக் கற்பனை. பெரி தமக்கு முன்மாதிரியாகக் கொண்டது, மதுக்கடைப் பரிமாறுபவனிடம் தன் துயரைச் சொல்லும் ஒருவனைப் பற்றிய பழைய அமெரிக்கப் பாட்டு ஒன்றையும், கியூபாவின் நிலவைப் பற்றிச் சக் பெரி பாடிய பாட்டு ஒன்றையும்தான். சக் பெரி அவருக்கு உறவினர் அல்லர். பெயர் ஒற்றுமை மட்டுமே.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் பாட்டு ஓரளவு விலைபோயிற்று, பிறகு ஓய்ந்தது. 1959-இல் பெரிக்குத் திருமணம் நிச்சயமாயிருந்தது. கைச்செலவுக்காக அப்பாட்டில் தமக்கிருந்த உரிமைகளை, மேலும் நான்கு பாட்டுகளோடு சேர்த்து, ஃபிளிப் நிறுவனத் தலைவர் மாக்ஸ் ஃபெர்டாக்குக்கு 750 டாலருக்கு விற்றுவிட்டார். பாடி ஓய்ந்த பாட்டு இனி என்ன சம்பாதிக்கப்போகிறது என்று அவர் எண்ணியிருந்தால் அதில் தவறு காண இயலாது.

பாட்டு வடக்கே பயணம் சென்றது. 1961-இல் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரைச் சேர்ந்த ‘வெய்லர்ஸ்’ குழுவினரும் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்னும் பாடகரும் அதைப் புதிதாகப் பாடினர். கியூபாவின் மெல்லிய அசைவு போய்க் கிட்டாரின் முரட்டு ஓசை வந்தது. ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் பள்ளி நடன விழாக்களுக்கு வாசிக்கும் இளைஞர் குழுக்கள் யாவும் இதைப் பாடாமல் மேடை இறங்குவதில்லை என்னும் நிலை ஏற்பட்டது. அத்தகைய குழுக்களில் ஒன்றுதான் போர்ட்லண்டு நகரத்து ‘கிங்ஸ்மென்’. அவர்களுடைய பாடகர் ஜாக் எலிக்கு அப்போது வயது 19. வெய்லர்ஸ் தட்டில் நான்கு அடியும் இரண்டு அடியுமாக விழுந்த தாளக்கட்டை, மூன்றும் இரண்டுமாகத் தவறாக நினைவில் கொண்டு நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாக எலியே பின்னாளில் கூறியிருக்கிறார். இன்று உலகம் அறிந்த ‘லூயி லூயி’யின் தாளம் அந்த மறதியில் பிறந்தது.

1963 ஏப்ரல் 6-ஆம் நாள் அவர்கள் போர்ட்லண்டில் ஒரு சிறிய ஒலிப்பதிவு நிலையத்துக்குச் சென்றனர். செலவு ஏறத்தாழ 50 டாலர். வானொலியோடு தொடர்புடையவர்கள் இப்பகுதியைக் கூர்ந்து கேட்க வேண்டும். பாடகரின் ஒலிவாங்கி வாய்க்கு நேரே இல்லை. மேலே, கூரைக்கருகில் தொங்கவிடப்பட்டிருந்தது. குழுவினரோ அவரைச் சூழ நின்று முழு ஓசையுடன் வாசித்தனர். எலி தலையை நிமிர்த்தி, கால்விரல்களில் எம்பி, மேல்நோக்கிக் கத்த வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பல்வரிசையைச் சீராக்கும் கம்பி வேறு அவர் வாயில் இருந்தது. ஒரே முறை பாடினர், அதுவே தட்டாயிற்று. கிட்டார்த் தனிவாசிப்பு முடிந்ததும் எலி மூன்றாம் அடியை ஓரிடம் முந்தித் தொடங்கிவிட்டு, சட்டென நிறுத்துவதும், முரசு வாசிப்பவர் அந்த இடைவெளியை அவசரமாக அடைத்துவிடுவதும் இன்றும் தட்டில் தெளிவாகக் கேட்கின்றன. திருத்தி மீண்டும் பதிவு செய்யப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

இங்ஙனம் பதிவான குரலுக்கு என்ன நேரும்? தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு சொல்லலாம். பேச்சில் உயிரெழுத்துகள் நீண்டும் உரத்தும் ஒலிப்பவை. மெய்யெழுத்துகளோ, குறிப்பாகக் க, ச, ட, த, ப போன்ற வல்லினங்கள், கண நேரத்தில் தோன்றி மறையும் நுண்ணிய ஓசைகள். ஒலிவாங்கி தொலைவில் இருந்து, சுற்றிலும் முரசும் கிட்டாரும் முழங்கினால், முதலில் மூழ்குவன மெய்கள். உயிர்கள் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். உயிர்மட்டும் நின்ற ஒரு தொடரில் எந்த மெய்யை வேண்டுமானாலும் பொருத்திச் சொல்லாக்கிக்கொள்ளலாம். ஜமைக்கா மாலுமியின் பேச்சுநடை வேறு சேர்ந்ததனால், சாதாரண ஆங்கில இலக்கணத்தைக் கொண்டு அடுத்த சொல்லை ஊகிக்கும் வழியும் அடைபட்டது. ‘லூயி லூயி’ என்ற விளி ஒன்றுதான் ஐயமின்றிக் கேட்டது.

முதல் சில மாதங்கள் தட்டு விலைபோகவில்லை. அதே நிலையத்தில், அதே மாதத்தில், அதே பாட்டைப் பதிவுசெய்த ‘பால் ரிவியரும் ரெய்டர்களும்’ என்ற குழுவே வடமேற்கில் முந்தியிருந்தது. 1963 அக்டோபரில் பாஸ்டன் நகர வானொலியில் ஆர்னி கின்ஸ்பெர்க் என்னும் அறிவிப்பாளர், ‘வாரத்தின் மிக மோசமான இசைத்தட்டு’ என்று கேலியாக அறிமுகம் செய்து கிங்ஸ்மென் தட்டை ஒலிபரப்பினார். கேலி எதிர்விளைவைத் தந்தது. நேயர்கள் கடைகளுக்கு ஓடினர். அவ்வாண்டு டிசம்பரில் அப்பாட்டு, ‘பில்போர்டு’ பத்திரிகையின் நாடு தழுவிய வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது.

அப்போது முதலிடத்தில் இருந்த பாட்டு எது என்பது கவனிக்கத்தக்கது. பெல்ஜியம் நாட்டுக் கன்னிகாஸ்திரீ ஒருவர் பிரெஞ்சு மொழியில் பாடிய ‘டொமினிக்’. டொமினிக் முனிவர் ஊர் ஊராகச் சென்று சமயப் புறம்பர்களோடு வாதிட்டதைப் போற்றும் பாட்டு அது. அதை வாங்கிய அமெரிக்கர்களில் பெரும்பாலோர்க்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. ஆக, ஒரே வாரத்தில் அந்நாட்டு மக்கள் மிக விரும்பி வாங்கிய இரு பாட்டுகளின் சொற்களும் அவர்களுக்கு விளங்காதவை. ஒன்றைப் பாடியவர் துறவி என்று தெரிந்ததால், விளங்காத சொற்கள் யாவும் புனிதமாயின. மற்றொன்றைப் பாடியவர் தொண்டை கிழியக் கத்தும் விடலைப் பையன் என்பதால், விளங்காத சொற்கள் யாவும் ஆபாசமாயின. இந்த ஒரு செய்தியே இப்பாட்டின் வரலாற்றை விளக்கப் போதுமானது என்று நான் கருதுகிறேன்.

வதந்தி கல்லூரிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் தொடங்கியது. நிமிடத்துக்கு 45 முறை சுழல வேண்டிய தட்டை 33 சுழற்சியில் ஓட்டினால் மறைந்திருக்கும் தகாத சொற்கள் வெளிப்படும் என்று மாணவர் பேசிக்கொண்டனர். ‘உண்மையான’ பாட்டு என்று தட்டச்சுச் செய்த தாள்கள் கைமாறின. மெதுவாக ஓட்டினால் குரல் தடித்துக் கீழிறங்குமேயன்றி, இல்லாத மெய்யெழுத்து ஒன்றும் புதிதாய்ப் பிறக்காது. ஆயினும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவனுக்குத் தாளில் உள்ளதுதான் கேட்கும். இதனை நேயர்களே சோதித்துப் பார்க்கலாம். தெளிவற்ற பாட்டு ஒன்றைக் கேட்கும்போது அருகிலிருப்பவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், அதற்குப்பின் வேறு எந்தச் சொல்லும் நம் காதில் ஏறுவதில்லை. அலுவலகத்தில் ஒலிநாடாவைக் கேட்டு எழுத்தில் பெயர்க்கும்போது இதற்காகவே, முன்னர் ஒருவர் எழுதிய படியைப் பார்க்காமல் முதலில் தன் செவியால் கேட்டு எழுதுவது நல்லது என்று நான் கண்டிருக்கிறேன்.

1964 ஜனவரியில் இந்தியானா மாநில ஆளுநர் மாத்யூ வெல்ஷிடம் புகார் சென்றது. அவர் தட்டைக் கேட்டார். ஆபாசம் என்று முடிவு செய்தார். அம்மாநில ஒலிபரப்பாளர் சங்கத்துக்கு, இப்பாட்டை ஒலிபரப்பாதிருக்கும்படி சொல்லியனுப்பினார். தாம் தடை விதிக்கவில்லை, வேண்டுகோளே விடுத்ததாக அவர் பிறகு விளக்கினார். ஆளுநரின் வேண்டுகோளுக்கும் ஆணைக்கும் உள்ள வேறுபாடு, உரிமம் பெற்று நடத்தும் ஒலிபரப்பாளனுக்கு அவ்வளவு எளிதில் புலப்படாது. பாட்டின் வெளியீட்டாளராகிய ஃபெர்டாக், அதில் தகாதது ஏதேனும் கண்டு மெய்ப்பிப்பவருக்கு 1,000 டாலர் தருவதாக அறிவித்தார்.

பாட்டுக்கு வேலி கட்டும் எண்ணம் அந்நாட்டுக்கே உரியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1952-இல் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றபின் நம் வானொலியில் திரைப்பாட்டு அரிதாயிற்று. மக்கள் திரைப்பாட்டை மறக்கவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைக்குத் திருப்பினர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பெற்றது அதன் விளைவே.

அமெரிக்காவில் வேலி வேறு விதமாக அமைந்தது. அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குப் பெற்றோர் ஒருவர் கடிதம் எழுதினார். பருவ வயதுப் பிள்ளைகளின் கையில் இத்தட்டு எப்படிக் கிடைக்கலாயிற்று என்று மனம் வெதும்பிக் கேட்ட கடிதம் அது. அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை; தட்டச்சுத் தாளைப் பார்த்தார், தட்டைக் கேட்டார், தாளில் உள்ளது கேட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 1963 நவம்பர் 22-இல், குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். நாடு கலங்கியிருந்த குளிர்காலம். தம் பிள்ளைகள் தமக்குத் தெரியாத எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்னும் அச்சம் பெற்றோர்க்கு இயல்பாகவே வந்திருக்கும்.

ஜே. எட்கர் ஹூவர் தலைமையில் இருந்த எஃப். பி. ஐ. எனப்படும் கூட்டரசுப் புலனாய்வுத் துறை விசாரணையை ஏற்றது. ஆபாசமான பொருளை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு அனுப்புவது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். இசைத்தட்டு மாநில எல்லைகளைக் கடந்து விற்கப்பட்டதால் இது அத்துறையின் வரம்புக்குள் வந்தது. பல நகரங்களின் கிளை அலுவலகங்கள் தட்டை வாங்கிக் கேட்டன. தட்டச்சுத் தாள்களைத் திரட்டின. தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமான ஆபாசம். ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் புலவர்கள் பாடபேதங்களைத் தொகுப்பதுபோல், துப்பறிவாளர்கள் அவற்றையெல்லாம் கோப்பில் அடுக்கினர். தட்டு ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. அங்கே வெவ்வேறு வேகங்களில் ஓட்டிக் கேட்டனர். எந்த வேகத்திலும் சொற்களை அறிய இயலவில்லை. ஆகவே ஆபாசமா அன்றா என்று கூற முடியாது என்பதே முடிவு.

சட்ட நோக்கில் இது சரியான முடிவு. 1957-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ‘ராத்’ வழக்கில் வகுத்த விதிப்படி, ஒரு படைப்பை முழுமையாக எடுத்துக்கொண்டு, அதன் முதன்மையான பொருள் சாதாரண மனிதனிடம் கீழான காமக் கிளர்ச்சியைத் தூண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முழுமையாக எடுத்துக்கொள்வதற்கு முதலில் படைப்பு கையில் கிடைக்க வேண்டுமன்றோ? கேட்கவில்லை என்று எழுதிய அந்த ஆய்வாளர்களை நகைப்போர் பலர். மேலதிகாரி எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது ‘தெளிவாகக் கேட்கவில்லை’ என்று எழுதுவதற்கு நேர்மை வேண்டும். மொழிபெயர்ப்பு மேசையில் இருபது ஆண்டுகளாக அமர்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு அவர்கள்பால் மதிப்பே உண்டு.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. பெரியின் 1957-ஆம் ஆண்டுத் தட்டில் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக ஒலிக்கின்றன. கடலும் நிலவும் ரோஜாவும் அங்கே வெளிப்படையாக இருந்தன. அதை எடுத்துப் போட்டுக் கேட்டிருந்தால் ஓர் இரவில் முடிந்திருக்கும் விஷயம் அது. எல்லோரும் கிங்ஸ்மென் தட்டின் இருட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தனர்.

இன்னொரு விந்தையும் உண்டு. தட்டில் உண்மையிலேயே ஒரு தகாத சொல் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. தொடக்கத்திலிருந்து ஒரு நிமிடம் ஆவதற்குள், முரசுக்கோலைத் தவறவிட்ட லின் ஈஸ்டன் எரிச்சலில் பின்னணியில் கத்திய சொல் அது. பாடகரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த விசாரணைக்கு அது எட்டவில்லை.

ஆபாசம் என்ற பேச்சினால் தட்டு மேலும் மேலும் விற்றது. பயன் யாருக்கு? பெரிக்கு இல்லை, அவர் விற்றுவிட்டார். எலிக்கும் இல்லை. பாட்டுப் புகழ்பெறுவதற்கு முன்பே, 1963 ஆகஸ்டில், முரசு வாசித்த ஈஸ்டன் இனித் தாமே பாடகர் என்று அறிவித்தார். குழுவின் பெயர் ஈஸ்டன் பக்கத்தில் பதிவாகியிருந்தது. எலி விலகினார். தொலைக்காட்சியில் தட்டு சுழல, ஈஸ்டன் வாயசைக்க, நாடு முழுவதும் எலியின் குரலைக் கேட்டது, முகம் வேறாயிருந்தது. நெடுநாள் தகராறுக்குப் பின், பிற்காலத் தட்டுகளில் தலைமைக் குரல் ஜாக் எலியுடையது என்று அச்சிடுவதாக உடன்பாடு ஏற்பட்டது. எலி பின்னர் ஆரிகனில் குதிரைகளைப் பழக்கும் தொழிலில் ஈடுபட்டு, 2015-இல் காலமானார்.

பாட்டோ தனிவாழ்வு பெற்றுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் அதைப் பதிவு செய்திருக்கின்றன. 1983-இல் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி வானொலி, இப்பாட்டின் வெவ்வேறு பதிவுகளையே தொடர்ந்து 63 மணிநேரம் ஒலிபரப்பியது; அந்நிலையத்துக்குப் பெரியும் எலியும் நேரில் வந்து பாடினர். 1985-இல் வாஷிங்டன் மாநிலத்தில் இதையே மாநிலப் பாட்டாக்க வேண்டும் என்று ஒரு முயற்சி நடந்தது. பாதி விளையாட்டு, பாதி உண்மை, நிறைவேறவில்லை. டேவ் மார்ஷ் என்னும் எழுத்தாளர் 1993-இல் இப்பாட்டின் வரலாற்றை ஒரு முழு நூலாகவே எழுதினார். அந்நூலில் பாட்டின் சொற்களை அச்சிட உரிமையாளர் அனுமதிக்கவில்லை. சொல் கேளாமையால் பெயர்பெற்ற பாட்டுக்கு எழுதப்பட்ட வரலாற்றிலும் சொல் இல்லாமற் போயிற்று.

பெரியின் கதைக்கு வருவோம். 1980-களின் நடுவில் அவர் லாஸ் ஏஞ்சலஸில் தம் தாயார் வீட்டில், அரசாங்க உதவித்தொகையில் காலம் கழித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பான நிறுவனம் ‘லூயி லூயி’யை விளம்பரத்துக்குப் பயன்படுத்த விரும்பியது. ஆவணங்களை ஆராய்ந்தபோது இயற்றியவரின் கையொப்பம் தேவை என்று தெரியவந்தது. ஆளைத் தேடிக்கொண்டு ஒரு வழக்கறிஞர் வீட்டு வாசலுக்கு வந்தார். வந்தவர், இழந்த உரிமையை மீட்க வழியுண்டு என்பதையும் சொன்னார். வெளியீட்டாளர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டனர். 750 டாலருக்கு விற்ற பாட்டு அவரை இலட்சாதிபதியாக்கியது. ஐம்பது வயதையொட்டிக் கிடைத்த அச்செல்வத்தோடு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வாழ்ந்து, 1997 ஜனவரியில் மறைந்தார்.

பழி மட்டும் அவ்வளவு எளிதில் மறையவில்லை. 2005 மே மாதத்தில் மிச்சிகன் மாநிலத்து பென்டன் ஹார்பர் என்னும் ஊரில், நடுநிலைப் பள்ளியின் ஊதுகுழல் அணி ஓர் ஊர்வலத்தில் இப்பாட்டை வாசிக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. பாட்டு ஆபாசமானது என்று கூறி மாவட்டப் பள்ளி நிர்வாகம் அதை நிறுத்தியது. பிள்ளைகள் பாடப்போவதே இல்லை, வாத்தியங்கள் மட்டுமே ஒலிக்கும் என்பது யாவருக்கும் தெரிந்திருந்தது. பெற்றோர்கள் திரண்டு வந்து பிள்ளைகளின் பக்கம் பேசினர்.  தடை நீக்கப்பட்டது. மூன்று அடி, இரண்டு அடி, மறுபடியும் மூன்று, இரண்டு என்று எலி தவறாக நினைவில் வைத்திருந்த அதே தாளத்தை ஊதிக்கொண்டு அணிவகுத்துச் செல்லப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்தது.